கைநாட்டும் காசும்

எங்கப்பனுக்கு எழுத்து தெரியாது. பண்ணை வீட்டுத் திண்ணைக்குக் கீழ நின்னுக்கிட்டு, நீட்டின தாளில் கட்டைவிரலை உருட்டிட்டு வந்தவர். என்ன எழுதியிருக்குன்னு கேட்டாராம். "ஒனக்கெதுக்குடா அது, வையி"ன்னு பதில். வச்சார். கொஞ்ச நாளில் எங்க பஞ்சமி நிலம் கைமாறிப் போச்சு. பஞ்சமி நிலத்தை எங்க சனத்துக்கு வெளியே விற்கக் கூடாது. அதனால பத்திரத்தில் இருந்த பேரும் எங்க சேரி ஆள் பேர்தான். காசு மட்டும் பண்ணையோடது. பினாமிங்கிற வார்த்தையை நான் அகராதியில் படிக்கல. அந்த வரப்பில் படிச்சேன்.

நான் படிச்சவன். 2018இல், கலிபோர்னியாவில் குடியுரிமை வாங்கி வாக்காளராகப் பதிந்த சில மாதங்களில், ஒரு கடை வாசலில் ஓர் இளைஞர் அட்டையை நீட்டினார். ஏழைகளுக்கு உதவுற மனு என்றார். போட்டேன். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. அந்தக் கூலியைக் கொடுத்தது யார்? தாளில் இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பன் வச்சது கைநாட்டு, மகன் போட்டது இங்கிலீசுக் கையெழுத்து. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மனு என்றால் நம்மூரில் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்கிற தாள். அங்கே அப்படியில்லை. சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம் பிடிக்காதவர்கள், 90 நாட்களுக்குள், கடைசி ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் 5 சதவீத அளவுக்குக் கையெழுத்துத் திரட்டிவிட்டால் அந்தச் சட்டம் நின்றுபோகும். மக்கள் வாக்களித்து முடிவு சொல்லும்வரை அமலுக்கு வராது. 1911இல் ஹைரம் ஜான்சன் ஆளுநராக இருந்தபோது, சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் பிடியிலிருந்து அரசியலை மீட்க மக்கள் கையில் கொடுத்த ஆயுதம் இது. 1988இல் மேயர் எதிர் கிராண்ட் வழக்கில், காசு கொடுத்துக் கையெழுத்து திரட்டுவதைத் தடை செய்யக் கூடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு காசுள்ளவனுக்குக் கையெழுத்தும் ஒரு சரக்காயிற்று.

கறுப்பின மக்களுக்கு வீடு தர மறுப்பதைத் தடுக்க 1963இல் ரம்ஃபோர்டு சட்டம் வந்தது. அதைச் செல்லாமலாக்கும் முன்மொழிவு 14க்குக் கையெழுத்துத் திரட்டிய அமைப்பின் பேர் என்ன தெரியுமா? 'வீட்டைக் காக்கும் குழு'. உள்ளே இருந்தது ரியல் எஸ்டேட் வியாபாரிகள் சங்கமும் அடுக்கக முதலாளிகளும். 1964இல் ஏறக்குறைய 65 சதவீத வாக்கோடு ஜெயித்தார்கள். அது செல்லாது என்பதை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1967இல் உறுதி செய்தது. சேரிக்காரனுக்கு வீடு இல்லைன்னு சொல்ற நம்மூர் வாயும் இப்படித்தான் பேசும்: "நாங்க எங்க வீட்டைத்தானே காப்பாத்துறோம்."

2020 ஆகஸ்டில் மணமூட்டிய புகையிலை விற்பனைக்குத் தடைச்சட்டம் வந்தது. மென்தால் சிகரெட்டைக் கறுப்பின மக்களின் தெருக்களில் குறிவைத்து விற்ற வரலாறு உலகறிந்தது. புகையிலைக் கம்பெனிகள் காசை இறக்கின, மனு போட்டன. 2021 சனவரியில் வரவேண்டிய தடை 2022 டிசம்பரில்தான் வந்தது. மக்கள் சட்டத்தின் பக்கமே நின்றார்கள். ஆனாலும் ஏறக்குறைய இரண்டு வருச வியாபாரம் லாபம். வாக்கெடுப்பில் தோற்றாலும் கையெழுத்தில் ஜெயிக்கிற வித்தை இது.

விதியே இல்லையா என்றால், இருக்கிறது. 2019இல் நிறைவேறிய சட்டப்படி, 50,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்களில் முதல் மூன்று பேரின் பெயரைக் காட்ட வேண்டும். மனுவிலேயே அச்சடிக்கலாம், அல்லது தனித்தாளில் வைத்துக்கொண்டு காட்டலாம். அந்த 'அல்லது'தான் ஓட்டை. கேட்டுப் பார்க்க உரிமை உண்டாம். கேக்குற வாய் எங்கப்பனுக்கும் இருந்துச்சு தோழர்களே, பதில்தான் வரல.

பேர் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2020இல் ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய கம்பெனிகள் தங்கள் ஓட்டுநர்களைத் தொழிலாளர் கணக்கில் வராமல் செய்ய 20 கோடி டாலர் கொட்டியது ஊருக்கே தெரியும். 58 சதவீத வாக்கோடு ஜெயித்தார்கள். ஆனால் தெரிந்தே தோற்பது வேறு, ஏமாந்து நம்ம கையாலேயே நம்ம கழுத்தை அறுத்துக்கொள்வது வேறு.

இன்னொரு குரலும் வரும்: "கொடுப்பவரின் அந்தரங்கம் என்னாவது? 1958இல் கறுப்பின மக்களின் சங்கம் தன் உறுப்பினர் பட்டியலை அலபாமா அரசுக்குத் தர மறுத்து ஜெயிக்கவில்லையா?" ஆமாம், ஜெயித்தது. அந்தப் பட்டியல் வெளியே போயிருந்தால் வேலை போகும், உயிர் போகும். அது அடிபடுகிறவனின் கவசம். அதை எடுத்து அடிக்கிறவன் மாட்டிக்கொண்டு அந்தரங்கம் என்கிறான். வெட்கம் வேண்டாமா?

இதில் எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 100 டாலர் கொடுத்தாலே கொடுத்தவர் பேர், தொழில், முதலாளி பேர் எல்லாம் பொதுக்கணக்கில் ஏறும். 2023இல் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான மசோதா அங்கே சட்டமன்றத்தில் நிறைவேறியது. அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட மறுத்து அதைத் திருப்பிவிட்டார். நாளைக்கு அது மறுபடி வந்து சட்டமானால், 90 நாளில் ஒரு மனு வராதா? 'சமத்துவம் காக்கும் குழு' என்றே பேர் வைப்பார்கள். அதை எதிர்த்து நிற்க, ஆபீசில் சாதியை மறைத்து வாழ்கிற எங்க தம்பி ஒருத்தன் 100 டாலர் கொடுத்தால், அவன் யாரென்று மேலாளருக்கு அந்தப் பட்டியலே காட்டிக் கொடுக்கும். கோடி கொட்டுகிறவன் பேரோ அட்டைக்கு அடியில் தனித்தாளில் கெடக்கும்.

அதனால் தலைகீழாக மாற்றுங்கள் என்கிறேன். லட்சங்களில் கொடுக்கிறவன் பேர், நான் கையெழுத்துப் போடுகிற அதே தாளில், என் பேருக்கு மேலே, என் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் இருக்கணும். குழுவின் பேர் போதாது, காசுக்காரன் பேர் வேணும். நூறு ரூபாய்க்காரனை, நூறு டாலர்க்காரனை விட்டுவிடுங்கள். அவனுக்கு மறைவு வேணும்.

எங்கப்பன் கேட்டதுக்கு மேல நான் எதுவும் கேக்கல. தாளில் என்ன எழுதியிருக்கு? யார் காசு? இந்த ரெண்டுக்கும் பதில் வராமல் இனி எந்தத் தாளிலும் எங்க கை படாது.