குறட்டை சொன்ன சாட்சி

"பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர் அவர். அவருடைய பணி அட்டவணையையும் தூக்கத்தையும் துருவுவது வீண் வேலை, தவறு விமானியுடையது, கதை முடிந்தது" என்கிறார் நண்பர்.

முடியவில்லை. 2010 மே 22 அதிகாலை, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 8 பேர். விமானி அறைக் குரல் பதிவின் சுமார் 2 மணி நேரத்தில் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூங்கியிருக்கிறார், குறட்டையே பதிவாகியிருக்கிறது. முதல் நாள் இரவு மங்களூரிலிருந்து துபாய்க்குப் போன அதே குழு, படுக்கையைப் பார்க்காமலே திரும்பி வந்தது. இரவு 2 முதல் காலை 6 வரை உடல் மிக மந்தமாக இருக்கும். அப்போது விழித்தவுடன் மூளை தெளிவதில்லை. பறந்த மணிக்கணக்கு அதிகம் என்பதற்காக அந்த மந்தம் விலகி நிற்குமா?

"தவறு விமானியுடையது" என்பதை விசாரணை அறிக்கை மறுக்கவேயில்லை. தரையிறக்கத்தைக் கைவிடாததையே நேரடிக் காரணமாகச் சொல்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. துணை விமானி மூன்று முறை, மீண்டும் மேலேறலாம் என்றார். கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை. ஏன்? துணை விமானிக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில் விதிகளே குழப்பமாக இருந்ததை அறிக்கை சுட்டுகிறது. நண்பர் 'விமானி' என்று ஒருமையில் பேசுவது வசதிதான். அந்த அறையில் இருந்தவர்கள் இருவர், ஒருவர் விழித்திருந்தார்.