போலி என்று பழிப்போருக்கு

ராஸ்பெரி பையில் ஓடும் பின்பாலைப் ‘போலி’ என்று ஒதுக்குகிறார்கள் நண்பர்கள். எந்த அசலைக் காக்க இந்தச் சினம்? வில்லியம்ஸ் நிறுவனம் பின்பால் தயாரிப்பை 1999இல் நிறுத்திவிட்டது. எஞ்சிய அதன் இயந்திரங்களில் ரப்பர் வெடித்து உதிர்கிறது. பேட்டரி கசிந்து சர்க்யூட் போர்டை அரிக்கிறது.

பின்மேம் செய்வது வெறும் பாவனை அன்று. அசல் ரோம் சில்லில் இருந்த அதே நிரலையே மீண்டும் ஓடவைக்கிறது. மதிப்பெண்ணும் விளக்கும் அதன் ஆணைப்படியே. பந்தின் ஓட்டம் மட்டும் விஷுவல் பின்பாலின் கணக்கு. எஃகின் கனம் அதில் இல்லை. மேசையை இடித்து அசைக்கும் சுகமும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், சுவடியைச் செல்லுக்குக் கொடுத்துவிட்டு அச்சுப் பிரதியைப் பழிப்பவரை வாசகர் என்போமா? அசலைக் காப்பாற்றுங்கள், வணங்குகிறேன். முடியாதெனில், படியெடுப்பவன் கையைத் தட்டிவிடாதீர்கள்.