சுக்கான் போட்டால் கயாக் வேகமாகப் போகுமா?

கயாக் ஓட்டுபவர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் இந்தச் சண்டை கட்டாயம் வரும். படகின் பின்னால் சுக்கான் வேண்டுமா, வேண்டாமா? கிரீன்லாந்தின் இன்யூட் வேட்டைக்காரர்கள் சுக்கான் இல்லாமலே கடலில் திரிந்தார்களே என்று ஒரு கட்சி கேட்கும். ஒலிம்பிக் கயாக் பந்தயத்தில் சுக்கான் இருக்கிறதே என்று இன்னொரு கட்சி கேட்கும். இரண்டும் உண்மைதான்.

"சண்டை எதற்கு, சோதித்துப் பார்த்துவிடலாம்" என்று யாராவது ஸ்டாப்வாட்சை எடுப்பார். அமைதியான ஏரி, ஒரு கிலோமீட்டர். சுக்கானை இறக்கி ஒரு தடவை, தூக்கி ஒரு தடவை. எது குறைந்த நேரமோ அது ஜெயித்தது! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 10 நிமிடம். சுக்கானால் வேகம் 1 சதவீதம் மாறினாலும் வித்தியாசம் வெறும் 6 விநாடி. ஒரு சின்னக் காற்று அதை விழுங்கிவிடும். இரண்டாவது தடவை கை சோர்ந்திருப்பதும் விழுங்கிவிடும். ஆகவே மாற்றி மாற்றிப் பல தடவை, போகவும் வரவும் ஓட்ட வேண்டும். சுக்கானை நம்புகிறவர் தன்னை அறியாமலே கொஞ்சம் அழுத்தி வலிப்பார். அதனால் இதயத்துடிப்பையும் அளந்து, ஒரே அளவு உழைப்பில் ஓட்ட வேண்டும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தூக்கி வைத்த சுக்கான், இல்லாத சுக்கான் ஆகாது. அது படகின் மேல் நின்று காற்றைப் பிடிக்கும். கால் பெடல்கள் நழுவும் வகையாக இருந்தால், சுக்கானைத் தூக்கிய பிறகும் காலை அழுத்தமாக ஊன்ற முடியாது. துடுப்பு வலிப்பதில் ஒரு பங்கு பலம் காலில் இருந்துதானே வருகிறது!

இவ்வளவும் சரியாகச் செய்தால் ஏரியில் என்ன தெரியும்? பெரும்பாலும் சுக்கானால் லாபம் இல்லை என்றுதான் தெரியும். சுக்கான் படகைத் தள்ளுவதில்லை. தண்ணீருக்குள் கூடுதலாக ஒரு பலகை, அவ்வளவுதான். அது கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். 1 சதவீதம் வேகம் கூட வேண்டுமானால் கிட்டத்தட்ட 3 சதவீதம் அதிக சக்தி வேண்டும். அதைச் சுக்கான் எங்கிருந்து கொடுக்கும்?

அப்படியானால் சுக்கான் வீண் என்று முடித்துவிடலாமா? கூடாது. சோதனை நடந்த இடமே தவறு.

கடலில் பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கயாக்கின் முன்பக்கத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் காற்றோடு வழுக்கும். படகு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். அதை நேராக்க ஒரே பக்கம் அகலமாக வலித்துக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரம் இப்படி வலித்துப் பாருங்கள், தோள்பட்டை சொல்லும் கதையை! சுக்கான் இருந்தால் திருத்தும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். இரண்டு கையும் முன்னே போவதற்கு மட்டும் உழைக்கும். ஹவாயில் மொலக்காய் தீவிலிருந்து ஒவாஹு தீவுக்குக் கடலைக் கடக்கும் பந்தயத்தில் சர்ஃப்ஸ்கீ படகுகள் சுக்கானோடு போவது இதனால்தான்.

ஆகவே சோதனையைக் காற்றடிக்கும் நாளில், நீண்ட தூரத்துக்கு, பாதுகாப்புக்குத் துணைப் படகோடு செய்ய வேண்டும். நேரத்தோடு களைப்பையும் அளக்க வேண்டும். கரையிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குத் திடீரென்று காற்று எழும்பினால் 6 விநாடி ஒரு பொருட்டே இல்லை. திரும்பி வரக் கையில் பலம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதற்காகச் சுக்கானை மட்டும் நம்பிப் போவதும் ஆபத்து. அதன் கம்பி ஒரு நாள் அறுந்து போகலாம். சுக்கான் இல்லாமல் நேராக ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு சுக்கானைப் போட்டுக்கொள்வதே நல்லது. வாங்கப் போகிறவர்கள் "வேகம் கூடுமா" என்று கடையில் கேட்க வேண்டாம். "காற்றில் எப்படிப் போகும்" என்று கேளுங்கள். முடிந்தால் காற்றடிக்கும் நாளில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.