தேர்வுக்கு மட்டும்தானா சுற்றுச்சூழல்?

நவம்பர் பிறந்தால் பள்ளிகளை மூடுவது தலைநகர் தில்லியில் ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது. மழையோ வெள்ளமோ காரணமல்ல. மூச்சுவிட முடியாததுதான் காரணம். 2019-இல் பொது சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டு வகுப்புகள் நிறுத்தப்பட்டன. 2023, 2024-ஆம் ஆண்டுகளிலும் இதே நிலைதான். பள்ளி திறந்ததும், காற்று மாசுக்கான காரணங்களை எழுதுக என்ற வினாவுக்கு மாணவர்கள் மனப்பாட விடையை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள்.

சட்டத்தில் குறையில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 1991-இலேயே உத்தரவிட்டது. மாநிலங்கள் மெத்தனம் காட்டியதால், பாடத்திட்டம் தயாரிக்குமாறு 2003-இல் என்.சி.இ.ஆர்.டி.க்கு ஆணையிட நேர்ந்தது. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக, சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு ஒருபடி மேலே சென்றது. தங்கள் ஊரின் நீரையும் நிலத்தையும் உயிரினங்களையும் மாணவர்களே ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும் என்றது அக்குழு. நல்ல யோசனை, ஏட்டளவில் நின்றுவிட்டது.

மேற்குத் தில்லிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்லும் நஜஃப்கர் சாக்கடை, ராஜஸ்தானில் ஆரவல்லி மலையில் தோன்றும் சாகிபி ஆற்றின் வழித்தடம். அது வஜீராபாத் அருகே யமுனையில் கலக்கிறது. அங்கிருந்து ஓக்லா வரையிலான 22 கி.மீ., யமுனையின் மொத்த நீளத்தில் 2 சதவீதம்கூட இல்லை. ஆனால், அந்த நதி சுமக்கும் மாசில் ஏறத்தாழ முக்கால் பங்கு அங்குதான் சேர்கிறது. ஓர் ஆறு எப்படிச் சாக்கடையானது, அதை அனுமதித்தவர்கள் யார் என்று மாணவர் கேட்கத் தொடங்கினால் வகுப்பறைக்குள் அரசியல் வந்துவிடும் என்ற அச்சம்தான் தடையோ?

எனவேதான் மரக்கன்று நடுவதும் ஓவியப் போட்டியும் போதுமென்று கருதப்படுகின்றன. (சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று தில்லிப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை என்பது வேறு விஷயம்.) அதேவேளையில், 2022-இல் அறிவிக்கப்பட்ட பாடக்குறைப்பில், பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து இயற்கை வள மேலாண்மை குறித்த பாடம் முழுவதுமாக நீக்கப்பட்டது. கரோனா காலச் சுமையைக் குறைப்பதாகக் காரணம் கூறப்பட்டது. மரம் வெட்ட வந்த ஒப்பந்ததாரரை எதிர்த்து கட்வால் மலைப் பெண்கள் நடத்திய சிப்கோ இயக்கம் அந்தப் பாடத்தில்தான் இடம்பெற்றிருந்தது. மரம் நடச் சொல்லும் கல்வி, மரத்தைக் காத்தவர்களைச் சுமையாகக் கருதுவது என்ன நியாயம்?

ஆசிரியர்களைக் குறைகூறிப் பயனில்லை. மதிப்பெண் இல்லாத வேலைக்கு, அனுமதிக் கடிதங்களுடன் அலைந்து 40 பிள்ளைகளைச் சாக்கடைக் கரைக்கு யார் அழைத்துச் செல்வார்? மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் அகமதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண்கள் உள்ளன. அதில் பாதியை உள்ளூர் ஆய்வுக்கு ஒதுக்குவதில் என்ன சிரமம்? பள்ளிக்கு வரும் குடிநீர் எங்கிருந்து வருகிறது, வெளியேறும் குப்பை எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அந்த அறிக்கையின் ஒரு பிரதி மாநகராட்சிக்கும் போகட்டும். பதில் வந்தால் அதையும் வகுப்பில் வாசிக்கட்டும்.