சூரியன் 'ஓம்' சொல்லுதாம்... கேட்டுச்சா?

சூரியன் 'ஓம்'னு சொல்றதை நாசா பதிவு பண்ணிடுச்சாம். சொந்தக்காரங்ககிட்டேருந்து இந்த ஃபார்வர்டு இன்னும் வந்துட்டுத்தான் இருக்கு. மாமா, சித்தப்பா அனுப்பினா ஒரு ஸ்மைலி போட்டு விட்டுடலாம். ஆனா 2020 ஜனவரியில ட்விட்டர்ல இந்த வீடியோவைப் போட்டது, அப்போ எங்க புதுச்சேரிக்குத் துணைநிலை ஆளுநரா இருந்த கிரண் பேடி! பாகூர்க்காரனுக்குக் கடுப்பு வருமா வராதா?

ஊரே சிரிச்சுது, சரி. ஆனா சிரிச்ச அறிவாளிங்க சிலர் சொன்ன பதிலும் அரைவேக்காடுதான். "விண்வெளியில காத்தே இல்ல, அதனால சூரியன்ல சத்தமே கிடையாது."

தப்பு சாமி. சூரியனே ஒரு வாயு உருண்டை. உள்ளே கொதிக்கிற கொதியில அழுத்த அலைகள் ஓடிட்டே இருக்கு. அசல் ஒலி அலை. என்ன, ஒரு தடவை ஏறி இறங்க சுமார் 5 நிமிஷம் ஆகும். நம்ம காதுக்கோ வினாடிக்குக் குறைஞ்சது 20 தடவை வேணும்.

அப்போ நாசா 2018-ல வெளியிட்ட 'சூரியனின் ஒலி'? 1995-ல நாசாவும் ஐரோப்பாவும் சேர்ந்து அனுப்பின சோஹோ விண்கலம், சூரியப் பரப்பு அசையறதை வெளிச்சத்தை வச்சு அளந்துச்சு. மைக்கெல்லாம் கிடையாது. அதுல 40 நாள் தரவை ஸ்டான்ஃபோர்டுல 42,000 மடங்கு வேகமா ஓட்டினாங்க. 42,000-ஐ 300 வினாடியால வகுங்க, 140 வருதா? வெறும் 'ம்ம்ம்'தான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்கூட வினாடிக்கு 100 தடவை இதையேதான் சொல்லுது :-)

சரி, அந்தச் சத்தம் இங்கே வருமா? தேர்த் திருவிழா நெரிசல்ல பின்னாடி ஒருத்தன் இடிச்சா முன்னாடி நிக்கிறவன் வரைக்கும் போகும். அதே சித்திரை வெயில்ல பாகூர் ஏரிக்கரையில அங்கொருத்தர் இங்கொருத்தர் நிக்கும்போது யாரை இடிக்கிறது? நடுவுல 15 கோடி கிலோமீட்டர். ஒரு கன சென்டிமீட்டருக்கு விரல்விட்டு எண்ணுற அளவு துகள்தான். நம்ம காதுக்குக் கேக்கற சத்தம் வர வழியே இல்ல.

நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு தெரியும்ல? 9-ஆம் நூற்றாண்டு. இங்கே இருந்த கல்விச்சாலைக்கு மூணு ஊரை எழுதி வச்ச பத்திரம் அது. அப்படிப்பட்ட ஊர்ப் பசங்களுக்கு ராஜ்நிவாஸ்லேருந்து வந்த அறிவியல் பாடம் இதுவா?

ஓம் சொல்லாதீங்கன்னு நான் சொல்லல. மூலநாதர் சன்னதியில நின்னு தாராளமா சொல்லுங்க. அதுக்கு எதுக்குய்யா நாசா சர்டிபிகேட்?

டிஸ்கி: பெருமைப்பட ஏதாவது வேணும்னா இந்தாங்க. பெர்சியஸ் அண்டத்திரள்ல ஒலி அலை பரவறதா 2003-ல காட்டினது சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி. நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பேருதான் அதுக்கு. அங்கேயும் வாயு ரொம்ப மெல்லிசு, ஆனா அலை அவ்ளோ நீளம். ஒரு தடவை ஏறி இறங்க சுமார் 1 கோடி வருஷமாம்!