புகை ஒழியட்டும்; பிழைப்பு ஒழிய வேண்டாம்

தேக்காவில், சிராங்கூன் ரோட்டுச் சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நீலப்புகையைக் கக்கியபடி நிற்கிறது. அந்தப் புகையை முதலில் குடிப்பவன் யார்? கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் போகிறவன் அல்லன். பின்னால் இன்னொரு மோட்டார் சைக்கிளில் நிற்கும் தொழிலாளிதான். ஆகவே புகையைக் குறைக்கும் சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை; வரவேற்கிறோம்.

2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்களை அகற்ற, சிங்கப்பூர்த் தேசிய சுற்றுப்புற வாரியம் 2018இல் திட்டம் அறிவித்தது. அப்போது அவை ஏறத்தாழ 27,000. 2023 ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் பதிவை ரத்துச் செய்தவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை. 2028 ஜூன் 30ஆம் தேதிக்குப் பின் அவை சாலையில் ஓடவே கூடாது.

நோக்கம் நல்லது, கணக்குத்தான் இடிக்கிறது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கான உரிமைச் சான்றிதழ் மட்டுமே 12,000 வெள்ளியைத் தாண்டியது. வண்டியின் விலை தனி. 3,500 வெள்ளியை வாங்கியவன் மிச்சத்துக்கு எங்கே போவான்? தோட்டத்தை விட்டு அங்கே பிழைக்கப் போன நம்மவர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரம் அன்று, தொழிற்கருவி. பால் வெட்டும் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, "போய் மரத்தை வெட்டு" என்று எந்தக் கங்காணியாவது சொன்னதுண்டா?

நம் கடமையையும் மறைக்கக்கூடாது. காற்றால் குளிரும் எஞ்சினின் இறகுகளில் சேறும் எண்ணெயும் அப்பினால் சூடு ஏறும். பிஸ்டன் வளையம் தேயும். எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகையாகும். காற்று வடிகட்டி அடைத்தால் பெட்ரோல் முழுதும் எரியாமல் கரும்புகை வரும். அதோடு கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு நச்சும் வரும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோ பெட்ரோலுடன் எண்ணெயையும் சேர்த்தே எரிப்பது. அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவது புகையை நாமே விலைக்கு வாங்குவதாகும். இறகுகளைத் துடைப்பதற்கும், வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்கும், பிளக்கைப் பார்ப்பதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

ஆனால் துடைப்பதால் பழைய வண்டி புதிதாகிவிடாது. மாற்றத்தான் வேண்டும். அந்தச் சுமையைக் குறைந்த சம்பளக்காரன் தலையில் மட்டும் ஏற்றாதீர்கள் என்கிறோம். மோட்டார் சைக்கிளை நம்பிப் பிழைப்பவருக்குச் சான்றிதழ்க் கட்டணத்தில் சலுகையும், வட்டியில்லாத் தவணைக் கடனும் வேண்டும். சுத்தமான காற்று எல்லோருக்கும் பொது. அதற்கான செலவும் பொதுவாகட்டும்.