சர்க்கரை பூசிய மாத்திரை

2025 ஜனவரி 9-ஆம் நாள். வாஷிங்டன் நகரின் தேசியப் பேராலயம். நூறு ஆண்டு வாழ்ந்து முடித்த ஜிம்மி கார்ட்டரின் உடல் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்தவர்களும் இருக்கப்போகிறவருமாக ஐந்து பேர் முன்வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். திருவுடை அணிந்த குருக்கள் தத்தம் இருக்கைகளில் இருக்கிறார்கள். கார்த் புரூக்ஸ், திரிஷா இயர்வுட் என்னும் பாடகத் தம்பதியர் எழுந்து வந்து பாடுகிறார்கள். அது திருப்பாடல் அன்று. உயிர்ப்பின் நம்பிக்கையைச் சொல்லும் ஞானப்பாடலும் அன்று. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1971-இல் வெளியிட்ட 'இமாஜின்' என்னும் பாடல். 'கற்பனை செய்து பார்' என்பது அத்தலைப்பின் பொருள். எதைக் கற்பனை செய்யச் சொல்கிறது? விண்ணகம் என ஒன்று இல்லை, நரகம் இல்லை, நாடுகள் இல்லை, சமயம் இல்லை, உடைமை இல்லை. அப்போது மனிதர் சண்டையின்றி வாழ்வர் என்று. சவப்பெட்டிக்கு முன்னால், சிலுவைக்குக் கீழே நின்று இதைப் பாடினார்கள்.

மறுநாளே கருத்துகள் இரண்டாகப் பிளந்தன. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் இராபர்ட் பாரன், கிறிஸ்தவக் கோவிலுக்குள் நாத்திக மனிதநேயத்தின் கீதம் பாடப்பட்டதே, குருக்கள் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களே என்று வருந்தினார். மறுதரப்பினர் சிரித்தார்கள். 'அது இறந்தவருக்குப் பிடித்த பாடல். அவர் துணைவியார் ரோசலின் 2023-இல் மறைந்தபோதும் அதே இருவர் அதே பாடலைத்தான் பாடினார்கள். அமைதிப் பாடலில் குற்றம் காண்பது குறுகிய மனம்' என்றார்கள். கார்ட்டருக்கு அப்பாடல் பிடித்தது உண்மைதான். தாம் சென்ற பல நாடுகளில் தேசிய கீதங்களுக்கு நிகராக இப்பாடலைக் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த வழக்கில் எனக்கு இரு தரப்பின் மீதும் குறை உண்டு. முதலில், 'அமைதிப் பாடல்தானே' என்று கடந்து போகிறவர்களைக் கேட்கிறேன்: நீங்கள் அந்தப் பாடலைக் கேட்டதுண்டா? மெட்டை அல்ல, சொற்களை?

லெனன் எதையும் ஒளிக்கவில்லை. இப்பாடல் சமயத்துக்கும் நாட்டுவெறிக்கும் முதலாளியத்துக்கும் எதிரானது என்றும், சர்க்கரை பூசிக் கொடுத்ததால்தான் உலகம் ஏற்றுக்கொண்டது என்றும் அவரே சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒரு கவிஞன் தன் படைப்பைப் பற்றிச் சொல்ல முடியுமா? ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் செய்து வருவது என்ன? சர்க்கரையைச் சுவைத்துவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுகிறோம். ஒலிம்பிக் விழாவில் பாடுகிறோம். நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் ஆண்டுதோறும் புத்தாண்டு பிறக்குமுன் பாடுகிறோம். நாடுகளே வேண்டா என்னும் பாடலை, நாடுகள் கொடி பிடித்து அணிவகுக்கும் அரங்கில் பாடுகிறோம்! யாருக்கும் உறுத்தவில்லை. உறுத்தாத அளவுக்கு அப்பாடலை நாம் மழுங்கடித்துவிட்டோம்.

2011-ஆம் ஆண்டின் இறுதி இரவில் அதே சதுக்கத்தில் சீலோ கிரீன் என்னும் பாடகர், சமயம் இல்லை என்ற இடத்தில் எல்லாச் சமயமும் உண்மையே என்று பொருள்பட மாற்றிப் பாடினார். லெனனின் அன்பர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானதே என்பேன். ஒருவன் 'இல்லை' என்று எழுதியதை 'எல்லாம்' என்று திருத்திப் பாடுவது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்த இரசிகர்களுக்கு இருந்த தெளிவு, பேராலயத்தில் நிகழ்ச்சி நிரலை வகுத்தவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

(2009-இல் லிவர்பூல் நகரின் ஆங்கிலிக்கன் பேராலயம் தன் மணிகளில் இப்பாடலின் மெட்டை ஒலித்தது. அப்போதும் சர்ச்சை. மணிக்கு வாய் இல்லை, சொல் இல்லை. லெனன் அந்த ஊர்ப் பிள்ளை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.)

ஒன்றை நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். 1980-ஆம் ஆண்டுப் பேட்டி ஒன்றில் லெனன், சமயமே இல்லாத உலகை அல்ல, 'என் கடவுள் உன் கடவுளைவிடப் பெரியவர்' என்னும் சச்சரவு இல்லாத உலகையே தாம் கருதியதாக விளக்கினார். நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரகரி கொடுத்த கிறிஸ்தவச் செப நூல் ஒன்று இக்கருத்துக்குத் தூண்டுதலாக இருந்ததென்றும் சொன்னார். துணைவியார் யோக்கோ ஓனோ 1964-இல் வெளியிட்ட நூலிலிருந்து பிறந்ததே இப்பாடலின் வடிவம் என்பதும், அதனால் 2017-இல் பாடலாசிரியர் உரிமையில் அவர் பெயரும் சேர்க்கப்பட முடிவானதும் பலரும் அறிந்ததே. ஆயினும் பாடல் தன் சொற்களால்தான் நிற்கும். ஒன்பது ஆண்டு கழித்து வந்த விளக்கவுரை, பாடலோடு சேர்ந்து வானொலியில் ஒலிப்பதில்லை.

ஆகவே சொற்களையே எடுத்துக்கொள்வோம். விண்ணகத்தை மறந்தால் மண்ணகம் அமைதி பெறும் என்பது அப்பாடலின் முதற்கூற்று. இது சோதித்துப் பார்க்கப்படாத கனவு அன்று. பாடல் வெளிவந்து நான்கு ஆண்டுகூட நிறையவில்லை; 1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் படையினர் கம்போடியாவின் தலைநகருக்குள் நுழைந்தார்கள். பணத்தை ஒழித்தார்கள், தேசிய வங்கியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தனியுடைமை போயிற்று. புத்த பிக்குகளின் துவராடை பறிக்கப்பட்டது. புனோம்பென் நகரின் கத்தோலிக்கப் பேராலயம் கல்லின்மேல் கல் இராதபடி இடிக்கப்பட்டது. அம்மண்ணின் முதல் ஆயரான ஜோசப் சலாஸ், நகர் வீழ்வதற்கு மூன்று நாள் முன்னர்த் திருநிலைப்படுத்தப்பட்டவர். 1977-இல் பசியாலும் உழைப்பின் நலிவாலும் மாண்டார். நான்கே ஆண்டுகளில் மடிந்தவர்கள் 15 முதல் 20 லட்சம் பேர் என மதிப்பிடுகிறார்கள்.

இதற்கு லெனனைப் பொறுப்பாக்குவது மடமை. அந்தக் கொலைஞர்கள் இவர் பாட்டைக் கேட்டு வந்தவர்கள் அல்லர். நான் சுட்டுவது வேறு. பாடல் நீக்கச் சொன்னவற்றுள் சமயத்தையும் உடைமையையும் அவர்கள் நீக்கினார்கள். நாட்டை மட்டும் நீக்கவில்லை, அதைத் தெய்வமாக்கி அரியணையில் ஏற்றினார்கள். மேலே இருந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. யாரோ ஒருவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். இதைப் பற்றிப் பாடலில் ஓர் எச்சரிக்கையும் இல்லை. எளிது, கற்பனை செய் என்பதோடு அது முடிந்துவிடுகிறது.

விண்ணகத்தை நம்புகிறவன் மண்ணகத்தை மறப்பான் என்னும் குற்றச்சாட்டு பழையது. லெனனுக்கு முன்பே ஒரு நூற்றாண்டு வயது அதற்கு. அதற்கு வாதத்தால் மறுமொழி சொல்வதைவிட லெனன் இறந்த ஆண்டையே எடுத்துப் பார்க்கலாம். 1980 மார்ச் 24-இல் எல் சால்வதோர் நாட்டின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, ஏழைகளின் பக்கம் நின்றதற்காக, மருத்துவமனைச் சிற்றாலயமொன்றில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நாட்டில், டிசம்பர் 2-ஆம் நாள் இரவில், அகதிகளுக்குப் பணிசெய்து வந்த அமெரிக்கப் பெண்கள் நால்வரைத் தேசியக் காவல்படையினர் கடத்திக் கொன்றார்கள். மூவர் அருள்சகோதரிகள். நான்காமவர் ஜீன் டோனவன், 27 வயது, நம்மைப் போன்ற பொதுநிலையினர். நல்ல ஊதியம் தரும் வேலையை விட்டு வந்தவர். திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. அதற்கு ஆறு நாள் கழித்து, டிசம்பர் 8-இல், நியூயார்க்கில் தம் வீட்டு வாசலில் லெனன் சுடப்பட்டு இறந்தார். அடுத்த மாதம் அவர் பாடல் பிரிட்டனில் முதலிடம் பெற்றது.

லெனனின் சாவும் கொடியதே. அதை இங்கே எடைபோட வரவில்லை. ஆனால் விண்ணகம் என்னும் எண்ணம் மனிதரை மண்ணிலிருந்து பெயர்த்துவிடும் என்று சொல்கிறவர், சால்வதோரின் அந்தக் குழியைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இனி என் தரப்பினரிடம் வருகிறேன். ஆயர் பாரன் இடம் பற்றிச் சொன்னது சரி. கோவில் அப்பாடலுக்கு உரிய இடம் அன்று. ஆனால் அவரை வழிமொழிந்து ஆர்ப்பரித்த நம்மவர் பலர், பாடலின் முதற்பகுதியோடு காதைப் பொத்திக்கொண்டார்கள். உடைமையைப் பற்றி அது பேசும் பகுதிக்கு வரவே இல்லை. அங்கே வந்தவர்களும் வழக்கமான ஏளனத்தோடு தப்பித்துக்கொண்டார்கள்: பெருஞ்செல்வன் உடைமை வேண்டா என்று பாடுவதா?

ஏளனத்துக்கு இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. பாடல் பதிவானது இங்கிலாந்தில் அவருக்குச் சொந்தமான, சுமார் 72 ஏக்கர் பரப்புள்ள டிட்டன்ஹர்ஸ்ட் மாளிகையில். எல்விஸ் காஸ்டெல்லோ என்னும் மற்றொரு பாடகரே 1991-இல் தம் பாட்டொன்றில் இதைக் குத்திக் காட்டினார். அன்பையும் ஒருமையையும் வேண்டும் அதே இசைத்தட்டில், பழைய தோழர் பால் மெக்கார்ட்னியைக் கடித்துக் குதறும் பாடலொன்றும் உண்டு. இப்பாடலை இயற்றப் பயன்பட்ட பியானோவை 2000-இல் ஜார்ஜ் மைக்கேல் என்னும் பாடகர் 14 லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தார். உடைமையற்ற உலகின் பியானோவுக்கு அந்த விலை! 2020 மார்ச்சில், கொள்ளைநோய் உலகை அடைத்துப் போட்ட நாள்களில், திரைநட்சத்திரங்கள் சிலர் தம் வசதியான இல்லங்களிலிருந்தே வரிக்கு ஒருவராக இதைப் பாடி வெளியிட்டபோது உலகம் நெகிழவில்லை, எரிச்சலுற்றது.

ஆனால் அன்பர்களே, அந்தக் கல்லை எடுத்து எறிய நமக்கு என்ன உரிமை? உடைமைகளைப் பொதுவாய் வைத்துத் தேவைக்கேற்பப் பகிர்ந்து வாழ்ந்த சமூகம் ஒன்று கற்பனையில் அல்ல, எருசலேமில் இருந்தது. திருத்தூதர் பணிகள் நூலின் இரண்டாம், நான்காம் அதிகாரங்கள் அதைச் சொல்கின்றன. அது நாத்திகம் பேசியன்று, உயிர்த்தவரை நம்பியே அப்படி வாழ்ந்தது. தனியுடைமை எவருக்கும் வரம்பற்ற உரிமை அன்று என்று 1967-இல் ஆறாம் பவுல் 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலில் எழுதினார். பாடல் வருவதற்கு நான்கு ஆண்டு முந்தியது அது. அம்மடலை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? லெனனின் பாடலை உலகமே மனப்பாடமாகச் சொல்கிறது. இதில் குற்றம் லெனனுடையதா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இன்னும் கசப்பான உண்மையைச் சொல்லிவிட்டது. நாத்திகம் பிறப்பதில் நம்பிக்கையாளருக்கே கணிசமான பங்கு உண்டு என்று 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு ஒப்புக்கொள்கிறது. கடவுளின் முகத்தைக் காட்ட வேண்டியவர்கள் அதை மறைத்துவிடுகிறார்கள் என்கிறது. சிறுவன் லெனன் லிவர்பூலின் வூல்டன் பகுதியிலுள்ள புனித பேதுரு ஆலயத்தின் பாடகர் குழுவில் பாடியவர். 1957 சூலை 6-இல் மெக்கார்ட்னியை அவர் முதன்முதலில் சந்தித்ததும் அந்த ஆலயத்தின் விழாவில்தான். பிற்காலத்தில், 1966-இல், இயேசுவைவிடத் தாங்கள் புகழ்பெற்றுவிட்டதாக அவர் சொன்ன சொல்லுக்காக அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் அவருடைய இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். கொளுத்தியது எதை நிலைநாட்டியது? ஐந்து ஆண்டு கழித்து இந்தப் பாடல் வந்தது.

கொளுத்துவதும் வேண்டா, கோவிலுக்குள் கொணர்ந்து முழந்தாளிடுவதும் வேண்டா. எதிர்வாதம் செய்கிறவனை எதிர்வாதியாகவே மதித்து உட்கார வைத்துக் கேட்பதுதான் அவனுக்கு நாம் காட்டும் மரியாதை. கிறிஸ்தவ அடக்கச் சடங்கிலே அவன் பாட்டைப் பாடும்போது அவனையும் அவமதிக்கிறோம், நம்மையும் அவமதிக்கிறோம். 'நீ சொன்னதை நாங்கள் பொருட்படுத்தவில்லை' என்பது அவனுக்கு. 'நாங்கள் நம்புவதை நாங்களே பொருட்படுத்தவில்லை' என்பது நமக்கு.

அன்று பேராலயத்தில் நடந்ததில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது பெட்டிக்குள் இருந்த மனிதர்தான். ஜிம்மி கார்ட்டர் விண்ணகத்தை ஐயமின்றி நம்பியவர். தம் சிற்றூரின் பாப்திஸ்து ஆலயத்தில் பல்லாண்டு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடத்தியவர். 2019 நவம்பரில், அந்த ஆலயத்திலேயே, மரணத்தைப் பற்றித் தமக்கு எந்தக் கலக்கமும் இல்லை என்று சொன்னவர். அவர் தொடங்கிய நிறுவனம் 1986-இல் நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கும் பணியை ஏற்றபோது ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேரை அந்நோய் வாட்டியது. 2024-இல் உலகெங்கும் நோய்கண்டவர் இருபது பேருக்கும் குறைவு. மறுவுலகை நம்பியவர் இவ்வுலகுக்குச் செய்தது அது. 2019 அக்டோபரில், 95-ஆம் வயதில், வீட்டில் தவறி விழுந்து நெற்றியில் 14 தையல்கள் போடப்பட்டன. கண் கறுத்து வீங்கியிருந்தது. வீடற்றவர்களுக்கு வீடு கட்டும் பணிக்காக அன்று மாலையே அவர் நாஷ்வில் நகரில் இருந்தார். மறுநாள் கட்டுமிடத்தில் கருவிகளோடு வேலையில் இருந்தார்.